குழாயை எடுக்க விடாத செங்கோடன்

முதல் தடவை செங்கோடன், நான் நர்ஸாக இருக்கும் வார்டில் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டில் பெரியவர் தன்னை அறியாமல் விரிப்பை நனைத்துவிட்டார். சொல்லக் கூசிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார். செங்கோடன் தன் தண்ணீர் பாட்டிலைத் தன் கட்டிலிலேயே கவிழ்த்தார். “அக்கா, தண்ணி கொட்டிப்போச்சுங்க, வேற விரிப்பு குடுங்க” என்றார். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், காய்ந்த விரிப்பு பெரியவருக்குக் கீழே இருந்தது. இவர் ஈரத்தில் படுத்திருந்தார்.

அதே கைதான் ஐந்து மாதம் கழித்து எங்கள் வார்டு பையன் வின்சென்ட்டின் உதட்டைக் கிழித்தது.

செங்கோடனுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். ரிக் வண்டியில் போய் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வேலை. சிறுநீரகக் கல்லை எடுத்தபின், சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பை வரைக்கும் ஒரு மெல்லிய குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள். ஸ்டென்ட் என்பார்கள். மூன்று வாரத்தில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் வராமல் ரிக் ஏறி வடநாட்டுக்குப் போய்விட்டார். மூத்திரம் இரத்தமாகப் போன பிறகு மனைவி ரஞ்சிதா இழுத்து வந்தாள். அவள் கன்னம் வீங்கிக் கறுத்திருந்தது. கேட்டேன்.

“கதவுல இடிச்சுக்கிட்டேனுங்க” என்றாள்.

குழாயில் உப்புப் படிய ஆரம்பித்துவிட்டது, இன்னும் விட்டால் அந்தச் சிறுநீரகமே போய்விடும் என்றார் டாக்டர். வின்சென்ட் தள்ளுவண்டியோடு வந்து, “வாங்கண்ணா, குழாயப் புடுங்கிப் போட்டுரலாம்” என்று சிரித்தான்.

செங்கோடன் பாய்ந்தார். ஒரே குத்து. வின்சென்ட் மருந்துத் தட்டோடு தரையில் விழுந்தான். மிதிக்கப் போனவரை மூன்று பேர் பிடித்தார்கள். உதறிவிட்டு, குளுக்கோஸ் மாட்டும் கம்பியைத் தூக்கி ஜன்னலில் அடித்தார். கண்ணாடி நொறுங்கி அவர் பாதத்திலேயே ஏறியது. “எவனாச்சும் கிட்ட வந்தீங்க, கொன்னுபோடுவேன்!”

வெளியே அனுப்பச் சொன்னார்கள். காலுக்குக் கட்டாவது போட்டு அனுப்பலாம் என்று நான் கீழே உட்கார்ந்தேன். கண்ணாடித் துண்டை எடுக்கும்போதுதான் வாய் திறந்தார்.

“போர்ல எறக்குன கேசிங் பைப்ப உருவுனா மண்ணு சரிஞ்சு குழி மூடிக்குமுங்க. எம் மச்சான் ரங்கன் அப்பிடி உருவுறப்பத்தான் செத்தான். பைப்பு நழுவி நெஞ்சுல அடிச்சுது. வாயெல்லாம் ரத்தம். அவன் உடம்புச் சூடு ஆறல, அதுக்குள்ள வேலையப் பாருங்கடான்னான் மேனேஜரு. ஸ்பேனர்லயே அந்த மேனேஜரு மண்டைய ஒடச்சேன்.”

குழாயை எடுத்தால் உள்ளே சரிந்து செத்துப்போவோம் என்று ஐந்து மாதமாக நம்பியிருக்கிறார் மனிதர்.

டாக்டர் மேசையில் காட்டுவதற்கென்று ஒரு குழாய் உண்டு. கொண்டுவந்து கையில் கொடுத்தேன். இரண்டு முனையும் பன்றி வாலாகச் சுருண்டிருக்கும். இழுத்தார், நேரானது. விட்டார், சுருண்டது. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார்.

“உள்ள இருக்கிறது சதை தம்பி, மண்ணு இல்ல. சரியாது.”

“வலிக்குமா? பொய் சொல்லாதீங்கக்கா.”

“எரியும். மரத்துப்போக ஜெல் வைப்பாங்க. கேமராக் குழாய் மூத்திர வழியா உள்ள போகும். முட்டிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும். மூச்ச மெதுவா விடணும், இறுக்கினா வலி ஜாஸ்தி. உங்க குழாயோட முனையப் புடிச்சு இழுத்தா வந்துரும், பத்து நிமிஷம். வரலேன்னா முரட்டுத்தனமா இழுக்க மாட்டாங்க, மயக்கம் குடுத்துத்தான் எடுப்பாங்க.”

“அப்பறம்?”

“ரெண்டு நாள் எரிச்சலும் சிவப்பும் இருக்கும். விலாவுல வலிக்கலாம். தண்ணி நிறைய குடிங்க. குளிர் காய்ச்சல் வந்தா, கட்டியா ரத்தம் போனா, மூத்திரமே வரலேன்னா ஓடி வந்துரணும்.”

வெளியே அனுப்ப வேண்டாம் என்று டாக்டரிடம் நான் பேசிய பிறகு, கிருமிக்கு ஊசி போட்டார்கள். உதட்டில் பஞ்சோடு வின்சென்ட்டே வண்டியைத் தள்ளினான். “அண்ணா, ஒரு பல்லு ஆடுது. அடுத்ததயாச்சும் விட்டு வைங்க.”

செங்கோடன் சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே மேசைக் கம்பி அதிரக் கத்தினார். “மூச்ச விடுங்க தம்பி” என்று சொல்லிக்கொண்டே மனதுக்குள் ‘அருள் நிறைந்த மரியாயே’ ஜெபம் சொன்னேன். மூன்றாவது மரியாயேக்குள் குழாய் வந்துவிட்டது, முனையில் சுண்ணாம்பு படிந்தாற்போல. “சரியலீங்களா?” என்றார். சரியவில்லை.

சாயங்காலம் ரஞ்சிதா ஆட்டோ பார்க்கப் போனாள். கேட் அருகில் செங்கோடன் என்னிடம் வந்து நின்றார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான்.

“நீங்க உள்ளதச் சொன்னீங்கக்கா. நானும் உள்ளதச் சொல்லிப்போட்டுப் போறேன். அவ சொன்ன கதவு நாந்தானுங்க.”