இரண்டு ஸ்டெப்னியும் இல்லாத ஜாக்கியும்

கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்த மறுநாள் காலை, காபித் தம்ளரோடு வாசலுக்குப் போனபோது, என் நாத்தனார் வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு டயரைத் தடவிக்கொண்டிருந்தார். படகு ஏற்றியிருந்த இரண்டு சக்கர டிரெய்லரின் டயர் அது. ஒரு பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபக்கத்துக்கு நகர்ந்து அங்கேயும் தடவினார். மாட்டைத் தடவுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், டயரைத் தடவுகிற பெண்ணை அன்றுதான் பார்த்தேன். எப்படிப்பட்ட குடும்பத்தில் வந்து மாட்டிக்கொண்டோமோ என்று காபி ஆறும்வரை நின்றேன்.

என் கணவரும் அவருடைய அக்காவான இந்த நாத்தனாரும் சுற்றுவட்டார ஏரிகளில் மீன் குத்தகை எடுத்துத் தொழில் செய்பவர்கள். விற்பனை கணவர் பொறுப்பு. ஏரிக்கு ஏரி படகைக் கொண்டுபோவதும், மீனுக்குத் தீனி போடுவதும், வலை இறக்குவதும் நாத்தனார் பொறுப்பு. சின்ன லாரியின் பின்னால் டிரெய்லரை மாட்டி அவரே ஓட்டிக்கொண்டு போவார். எதற்கும் அசராத மனுஷி, டயர் விஷயத்தில் மட்டும் பயந்தாங்கொள்ளி. "ஓடிக் கெடற டயரு கம்மி மா. நின்னு கெடறதுதான் ஜாஸ்தி" என்பார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. படகு டிரெய்லர் மாதத்தில் இரண்டு நாள் ஓடும், மீதி நாளெல்லாம் வெயிலில் நிற்கும். மேலே பார்த்தால் டயர் புதிது போலத்தான் இருக்கும், பக்கவாட்டில் மட்டும் மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கும். அதனால் சக்கரங்களுக்குச் சாக்கு போர்த்தி வைப்பார், வாரம் ஒருமுறை ஒரு முழம் தள்ளி நிறுத்துவார். ஏரித் தண்ணீரில் டிரெய்லர் முங்கி எழுந்தால், அன்றைக்கே சக்கரத்தைக் கழற்றி கிரீஸ் வைத்தாக வேண்டும்.

இதெல்லாம் போகட்டும், ரெண்டு சக்கர வண்டிக்கு ரெண்டு ஸ்டெப்னி வைத்திருந்தார். லாரியில் ஒரு மரப்பெட்டி. அதில் டிரெய்லர் போல்ட்டுக்கென்றே தனி ஸ்பேனர், ஜாக்கி, ஜாக்கி சேற்றில் புதையாமல் இருக்க அடியில் போட ஒரு பலகை. டீக்கடையில் மற்ற குத்தகைக்காரர்கள், "இன்னா மா, ரெண்டு ஸ்டெப்னியோட நிறுத்திட்ட? இன்னொரு டிரெய்லரையே பின்னால கட்டிக்கினு போயேன்" என்று ஓட்டுவார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் மனசுக்குள் சிரித்தேன் என்பதை ஒளிப்பானேன்?

அந்த வருஷம் ஆயுத பூஜை என் பொறுப்பில் வந்தது. எனக்குப் பூஜை என்றால் கை சும்மா இருக்காது. மரப்பெட்டியைக் காலிசெய்து, கிரீஸ் ஏறிக் கறுத்திருந்த ஜாக்கியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அதன் உண்மையான நிறம் சிவப்பு என்று கண்டுபிடித்தேன். சந்தனம், குங்குமம் வைத்துச் சாமி படத்துக்குக் கீழே நிறுத்தினால் அதுவும் ஒரு சாமி மாதிரி இருந்தது. மறுநாள் ஸ்பேனரையும் பலகையையும் பெட்டியில் போட்டேன். ஜாக்கியை மட்டும் அந்த அழுக்கில் திரும்பப் போட மனம் வரவில்லை. "எல்லாத்தையும் திருப்பி வெச்சியா மா?" என்று நாத்தனார் கேட்டபோது, "வெச்சிட்டேன் அண்ணி" என்றேன். அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறந்தும் போனேன்.

சில நாளிலேயே மழை பிடித்துக்கொண்டது. சாலவாக்கம் பக்கம் ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, கீழே இருந்த குடியிருப்புக்குப் போகும் பாதை இடுப்பளவு தண்ணீரில் போய்விட்டது. முன்பு எங்களிடம் வலை இழுத்த ஒருவர் அங்கே இருந்தார். சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு நாள் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். வெள்ளத்தால் ஒரு முறை தவறிப் போயிற்று. அவர் மனைவி நாத்தனாரிடம் போனில் அழுதார். "மூஞ்சியெல்லாம் வீங்கிக்கினு கீது கா. மூச்சு வுட முடில. இன்னிக்கும் போவலன்னா ஆளு தங்கமாட்டாரு." மீட்புப் படகு வேறு ஊருக்குப் போயிருந்தது. கணவர் ஊரில் இல்லை. கயிறு பிடிக்க ஒரு ஆள் வேண்டுமென்று நாத்தனார் என்னை ஏற்றிக்கொண்டார்.

பாதி வழியில் பின்னால் வெடிச்சத்தம் கேட்டது. டிரெய்லரின் இடது டயர். அன்று காலையில் தடவிப் பார்த்த அதே டயர்தான், மழை சாலையை அரித்ததில் மேலே வந்திருந்த கூர்ங்கல் ஒன்று கிழித்துவிட்டது. நாத்தனார் பதறவே இல்லை. போல்ட்டுகளைத் தளர்த்தினார், ஸ்டெப்னியை இறக்கினார், பலகையைப் போட்டார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. லாரிக்கும் டிரெய்லருக்கும் எங்களிடம் இருந்தது அந்த ஒரே ஜாக்கி. "அண்ணி, சாமி ரூம்ல..." என்றேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து, எங்களைத் தாண்ட முடியாமல் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். "இன்னா ஆச்சு?" என்று கண்டக்டர் கேட்டார். நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டு, "ரெண்டு ஸ்டெப்னி எடுத்தாந்தேன் நைனா, ஜாக்கிய மறந்துட்டேன். என் புத்தியில இடி விய!" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சிரித்தபடியே நாற்று நடப்போன பெண்களும், குடை பிடித்த வாத்தியாரும், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் டிரெய்லரைச் சூழ்ந்தார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். எல்லோரும் ஒரே மூச்சில் தூக்க, இரண்டு பேர் அச்சுக்கு அடியில் கருங்கல்லை உருட்டினார்கள். சக்கரம் மாறியது. நான் சேற்றில் நின்று அழுதுகொண்டே போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தேன்.

வண்டி கிளம்பியதும், "பழிய ஏன் அண்ணி உங்க மேல போட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "உன்னக் காட்டி வுட்டிருந்தா நின்னு உன்ன வேடிக்க பாப்பாங்க. எனக்கு அவங்க கைதான் வேணும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "பொய் சொல்லாத மா இனிமே" என்றார். அவ்வளவுதான். நோயாளியைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்து, ஆம்புலன்ஸில் அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ரெண்டு ஸ்டெப்னி கதை ஊரெல்லாம் பரவியது. டீக்கடையில் குத்தகைக்காரர்கள் அதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டினார்கள். பிழைத்தவரும் விடவில்லை. இப்போதும் காஞ்சிபுரம் போக உத்திரமேரூரில் பஸ் மாறும்போது, எங்கள் மீன்கடை முன்னால் நின்று, "அக்கா, ஜாக்கி கீதா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். நாத்தனார் அவரைத் திட்டுவார், அவர் சிரிப்பார். வாரம் இரண்டு தடவை எனக்கு உள்ளே முள் குத்தும்.

போன மாதம் தாங்க முடியாமல், கடை முன்னால் அவர் வந்து நின்றதுமே சொல்லிவிட்டேன். "அண்ணியக் கேக்காதீங்க. ஜாக்கிய எடுத்தது நான்." அவர் வழக்கமான கேள்வியைக் கேட்காமலே பஸ் ஏறிப் போய்விட்டார். பாரம் இறங்கிவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். நாத்தனாரோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்மேல் பாய்ந்தார்.

"இப்ப இன்னாத்துக்குச் சொன்ன? அவன் வந்து அதக் கேட்டாத்தானே இந்த வாரமும் ஆளு நல்லா கீறான்னு எனக்குத் தெரியும்? அதையும் கெடுத்துட்டியா?"

அடுத்த முறை அவர் வருகிற நாளில் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. பஸ் வந்தது. மருத்துவச் சீட்டுப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கியவர், நேராகக் கடைக்கு வந்தார். நாத்தனாரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்.

"இன்னா மா, ஜாக்கி கீதா?"