படையைத் திரும்ப அழைக்கச் சொன்ன மனு

தனகோட்டி அண்ணன் தவறிய செய்தி வந்தபோது, சின்னசேலத்தில் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் போனில், "அண்ணே, நம்ம மனுக்காரர் பூட்டாருங்க" என்றார். சட்டென்று இறங்கிவிட்டேன். பஸ் கிளம்பிப் போன பிறகுதான், அவர் வீட்டுக்குப் போக வேண்டிய பஸ்ஸே அதுதான் என்பது உறைத்தது.

தாலுகா ஆபீஸ் வாசலில், ஒரே தகரக் கூரையின் கீழ் அவருக்கு ஒரு மேசை, எனக்கு ஒரு மேசை. அவர் கையால் மனு எழுதுவார். நான் டைப் அடிப்பேன். பட்டா, பென்ஷன், ரேஷன் கார்டு என்று உங்களில் பலருக்கு அவர் எழுதிக் கொடுத்திருப்பார். இலங்கைக்கு நம் படை போயிருந்த காலத்தில், தமக்காக அவர் எழுதிய ஒரே மனுவைப் பற்றி அநேகம் பேருக்குத் தெரியாது.

அவர் மகன் ஏழுமலை அந்தப் படையில் இருந்தான். சமாதானம் செய்யப் போன படை சண்டையில் மாட்டிக்கொண்டது. டீக்கடையில் அண்ணன் அடித்துப் பேசுவார்: "பங்காளிச் சண்டையில பூந்தவனுக்கு ரெண்டு பக்கமும் ஒதைதான். இட்டுக்கினு வர்றத வுட்டுட்டு, இன்னும் ஆள அனுப்பிக்கினு இருக்காங்க." நான் விடமாட்டேன். "போன காரியம் முடியாம பாதியில வந்தா நாட்டுக்கு இன்னா மரியாதைங்க?" என்பேன். எனக்குப் பிள்ளை இல்லை, சுலபமாகப் பேசினேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும், கேட்டது முழுக்கத் தப்புதானா என்றும் தெரியவில்லை.

படையைத் திரும்ப அழைக்கும்படி மனு எழுதி, கைநாட்டு வாங்க என்னையும் மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு இழுத்துக்கொண்டு போனார். மலையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. நாங்கள் உட்கார்ந்ததும் ஜனங்கள் வரிசையாக வந்து விரலை நீட்டினார்கள். காகிதங்கள் நிரம்பின. நாங்கள் பஸ் ஏறும் நேரத்தில் ஒரு அம்மாள், "பட்டா எந்த மாசங்க வரும்?" என்று கேட்டார். மனுக்காரர் வந்தால் பட்டாவுக்குத்தான் என்று நினைத்துக் கைநாட்டு வைத்திருக்கிறார்கள்! கூட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அண்ணனும் படித்துக் காட்டவில்லை.

"வாய்யா, திரும்ப ஊருக்குள்ள போவலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "நல்லதுக்குத்தானே வாங்கினோம், வுடுங்க" என்றேன்.

"ஒருத்தரையும் கேக்காம படைய அனுப்பிட்டாங்கன்னு கத்திக்கினு இருக்கேன். நானே கேக்காம வெரல புடிக்கலாமா?"

வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டினார். பாதிப் பேர் தங்கள் கைநாட்டை அடித்துவிடச் சொன்னார்கள். "சர்க்கார் கோவிச்சுக்கினா பட்டா வராதுங்க" என்றார்கள். அவர்கள் பயம் அவர்களுக்கு. மிச்சக் கைநாட்டுகளோடு மனு டெல்லிக்குப் போனது. பதில் வரவில்லை.

பிற்பாடு படை திரும்பியது. மனுவினால் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஏழுமலையும் வந்தான். பக்கத்தில் நின்ற சிநேகிதனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவனிடம், யாரோ மனு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வீட்டில், என் எதிரிலேயே கேட்டான்: "நாங்க போனதே வேஸ்ட்டுன்னு எழுதினியாமே. அப்ப அவன் எதுக்குப்பா செத்தான்?" எந்த அதிகாரி எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். மகன் உள்ளே போய்விட்டான்.

நேற்று சுடுகாட்டில் கொள்ளி வைத்துவிட்டு வந்த ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டான். "சித்தப்பா, அன்னிக்கு நான் கேட்டதுக்கு அப்பா உங்ககிட்டயாவது எதனா சொன்னாரா?"

"இல்லப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

சொன்னார், ஏழுமலை. நீ உள்ளே போன பிறகு சொன்னார். "அந்தப் பையனோட அம்மா வந்து கேட்டா எங்கிட்ட பதில் இல்லய்யா. அதுக்காக, எம்புள்ளயும் அங்கயே கெடக்கட்டும்னு வுட எனக்கு மனசு வரல" என்றார். பிறகு, "நீயே சொல்லு, நான் எழுதினது தப்பா?" என்று கேட்டார். தினமும் எதிர்த்துப் பேசிய நான் அன்று வாயடைத்து நின்றேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். 'தப்பில்லண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போதுதான் உன் முகத்தைப் பார்த்திருந்தேன், சொல்ல வரவில்லை. சரியா தப்பா என்ற அந்தக் கணக்கு இன்றும் எனக்குப் பிடிபடவில்லை, ஏழுமலை. அவருக்குக் கொள்ளி வைக்க நீ உயிரோடு இருந்தாய். அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.