மீன் தொட்டிக்குப் பிடித்த சளி

கண்ணாடியின் உள்பக்கத்தில் விரலை வைத்து இழுத்தால், ஆறிய கஞ்சியில் கை விட்டது போல ஒரு வழவழப்பு நுனியில் ஒட்டிக்கொண்டு வரும். முகர்ந்தால் மழைக்குப் பிந்திய கிணற்றடி வாசனை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘சளி’. மஞ்சக்குப்பத்தில் அம்மா வேலை செய்த வீட்டுக்காரர்கள் மாற்றலாகிப் போகும்போது விட்டுச்சென்ற சின்ன மீன் தொட்டி, 2008இல், நான் எட்டாம் வகுப்பு படிக்கையில், மூன்று தங்கமீன்களோடு எங்கள் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தது. அன்று பள்ளியிலிருந்து ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டேன்.

பத்தே நாளில் சளி பிடித்தது. வழவழப்பு என்றாலே அம்மாவுக்கு ஆகாது. மீன்களைக் குண்டானில் விட்டு, தொட்டியையும் கூழாங்கற்களையும் தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பினார். கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும்படியான சுத்தம். மறுநாள் ஒரு மீன் மிதந்தது. நாலு நாளில் சளியும் திரும்பியது.

அப்போதுதான் கீரப்பாளையத்திலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, வந்தார். சளி என்று கேட்டதும் அதற்குரிய வைத்தியத்தில் இறங்கிவிட்டார். கற்பூரவள்ளி இலையைக் கசக்கிச் சாறு பிழிந்து, மஞ்சள்தூள் கலந்து ஊற்றினார். தெம்புக்கு ஒரு பிடி பொரியும் போட்டார். தொட்டி ரசச் சட்டி போல ஆனது. சாயங்காலம் இரண்டாவது மீனும் போனது. “இதுக்கு முத்திப்போச்சி, அக்கா” என்றார் மாமா, மருத்துவர் போல முகத்தை வைத்துக்கொண்டு.

மிச்சம் ஒரே மீன். அது என்னுடையது என்று நான் அழுதுகொண்டே சொன்னேன். அழுகை நின்றபின் அறிவியல் புத்தகத்தில் நுண்ணுயிர்கள் பாடத்தைத் தேடி எடுத்தேன். பாலைத் தயிராக்குவதும் நுண்ணுயிர்தான் என்ற வரியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் சளிக்குள் இருப்பவையும் வேலைக்காரர்களோ? மீனின் கழிவைத் தின்பவர்களோ? அவர்களைத்தான் நாம் நாரால் தேய்த்துக் கொன்றோமோ?

அம்மாவிடம் ஓடினேன். வீட்டில் எழுத்துக்கூட்டக்கூட வேறு யாருக்கும் தெரியாது என்பதால் புத்தகத்தைக் காட்டிப் பயனில்லை.

“ராத்திரி பாலுக்கு ஒற ஊத்த, சட்டியில கொஞ்சம் பழய தயிர வெச்சிக்கிறல்லம்மா, அதுமாரிதான். கல்லுல இருக்கிறத மொத்தமா கழுவிட்டா தண்ணிக்கு ஒறயே இல்லாம பூடும்.”

“வாத்தியாரம்மா சொல்லிட்டாங்க. ஒரு கரண்டி மோரு கொண்டா அக்கா, ஊத்திடலாம்” என்றார் மாமா, என்னைக் கிண்டலாகப் பார்த்து.

அம்மா அவரைப் பார்த்தார்; பிறகு என்னை. “நீ சும்மா இருடா. ஏண்டி, ஒரு வாரம் தரேன். மீனு செத்துச்சின்னா தொட்டி வெளிய போவும். அப்பறம் புக்குல இருக்குதுன்னு எங்கிட்ட வரக்கூடாது.”

அந்த ஒரு வாரம் பள்ளி விட்டதும் நேராகத் தொட்டியருகே வந்து உட்கார்ந்தேன். கண்ணாடியை மட்டும் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். கற்களைத் தொடவில்லை. தினமும் தொட்டியிலிருந்து இரண்டு சொம்புத் தண்ணீர் எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போக முதல்நாளே வாளியில் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றினேன். பொரி கூடாது என்று மாமாவின் சட்டைப்பையைச் சோதித்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கியது. அம்மா நாரைக் கையில் எடுத்துவிட்டார். தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நகரவே இல்லை. ஐந்தாம் நாள் தண்ணீர் தெளிந்து தொட்டியின் அடி தெரிந்தது. ஏழாம் நாள் காலை மீன் கூழாங்கல்லின் சளியைக் கொத்திக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது. அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டார்: “வந்து பாருங்க, எம் பொண்ணு படிச்சே பொழைக்க வெச்சிட்டா.”

அந்த மீன் மூன்று ஆண்டுகள் இருந்தது. சிதம்பரத்துக்குக் குடிவந்தபோது தொட்டி விரிசல் விட்டது. இப்போது நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். மாத்திரையோ மண்ணெண்ணெயோ, எதைப் பற்றி நான் எது சொன்னாலும் அம்மா உடனே தலையாட்டிவிடுகிறார். ஒரு வாரம் தரேன், செஞ்சி காட்டு என்று கேட்பதே இல்லை. ஒருமுறையாவது அவர் அப்படிக் கேட்கமாட்டாரா என்றிருக்கிறது எனக்கு.