அத்தையின் மூக்கும் கூரை மடங்கும் காரும்

என் அத்தையின் லாண்டரியில் சட்டை கொடுக்க வருகிறவர்கள், மானத்தையும் கொஞ்சம் சேர்த்துத்தான் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கவுண்டரில் துணியை வைத்ததும் அத்தை அதை எண்ண மாட்டாள். இரண்டு விரலால் காலரைத் தூக்கி மோந்து பார்ப்பாள். அடுத்தது அக்குள். அப்புறம், கொடுத்தவர் கண்ணெதிரே, பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் திருப்புவாள். அதிலிருந்து விழுவதையெல்லாம் சாப்பிடும்போது சொல்லக் கூடாது. மென்ற சூயிங்கம், பல் குத்திய குச்சி, காகிதத்தில் பத்திரமாக மடித்த வெட்டிய நகம். யாருக்குக் கொடுக்க வைத்திருந்தாரோ தெரியவில்லை.

ஒரு டாக்சி டிரைவரின் கோட்டுப் பையிலிருந்து பாதி கடித்த அவித்த முட்டை ஒன்று கைக்குட்டையோடு வந்தது. அத்தை அதை எல்லாரும் பார்க்கும்படி விளக்கடியில் பிடித்தாள்.

"அடை காக்கிறீங்களா?"

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு முட்டைக்காரர். மனுஷன் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகவில்லை. அத்தையின் கை பட்டால் எந்தக் கறையும் நிற்காது என்பது ஊருக்கே தெரியும்.

அருவருப்பு வந்தால் அத்தைக்கு மூக்கின் வலது பக்கம் முதலில் ஏறும். இடது பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறும். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு "ச்சை" வரும். மாமா பின்னால் இஸ்திரி மெஷினில் நிற்பவர். ஆவி இரைச்சலில் அவர் காது பாதி போய்விட்டது. கடையில் தீப்பிடித்தது என்றாலும் "சரி" என்பார். அந்த "ச்சை" மட்டும் அவருக்குச் சுவரைத் தாண்டிக் கேட்டுவிடும். "இன்னைக்கு யாரு மாட்டினது?" என்று அங்கிருந்தே விசாரிப்பார்.

கடைக்குப் பின்னால் ஈரத்துணி காயப்போடும் அறை. அதற்கு மேலே எங்கள் வீடு. மழை நாளில் கொடி மாடிப்படி வரைக்கும் நீளும். யாரோ ஒருவரின் பேண்ட் கால்களை விலக்கிக்கொண்டுதான் நான் படுக்கப் போவேன். துணி மூட்டைகளை வேனில் ஏற்றி வீடு வீடாகக் கொடுப்பது என் வேலை.

வாரம் முழுக்க ஊரின் வியர்வையை மோந்து பார்க்கிற மனுஷிக்கு ஞாயிற்றுக்கிழமையாவது யாருடைய வாடையும் இல்லாமல் எங்காவது போய் உட்கார வேண்டும். பஸ்ஸில் முடியவில்லை, பக்கத்தில் நிற்பவரின் மத்தியானச் சாப்பாடு என்னவென்று அத்தைக்குத் தெரிந்துவிடும். டாக்சியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியே போவாள். என் வேனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"கூரையே இல்லாத காரு வாங்கணும்டா. எவன் நாத்தமும் எனக்கு முன்னால நிக்கக் கூடாது, அப்படியே மேல போயிரணும்."

புதிதாக வாங்க வக்கில்லை. அத்தை சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே ஒரு பழைய காருக்குத்தான் காணும். அது சொதப்பினால் இந்த ஜென்மத்தில் இன்னொன்று கிடையாது. மறுபடி பஸ்தான், பக்கத்து ஆளின் மத்தியானச் சாப்பாடுதான். அதனால் நான் உட்கார்ந்து படித்தேன். கூரை மடங்கும் காரில் எது முதலில் கெடும், எங்கே ஒழுகும், கூரையை இழுக்கும் மோட்டார் எப்போது நின்றுபோகும். கூரையை இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். ரப்பர் விளிம்பு வெடித்திருக்கிறதா என்று தடவ வேண்டும். மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும். கூரை மடிந்து உட்காரும் குழியில் தண்ணீர் வடிவதற்கு ஓட்டை இருக்கும். அது இலை தழையில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, காலடி விரிப்புக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் குடியிருக்கும். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கூரை எதுல செஞ்சது?"

"துணியில."

"துணியப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அத்தோடு என் படிப்பு முடிந்தது.

அடுத்து வந்த வாரங்களை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது. ஒவ்வொரு காரையும் அத்தை அழுக்குச் சட்டை மாதிரியே பார்த்தாள். காலர் இல்லாததால் சீட்டின் தலைமாட்டை மோந்தாள். பை இல்லாததால் சீட்டின் இடுக்குகளில் கையை விட்டுத் துழாவினாள், கையுறை போட்டுக்கொண்டுதான். முதல் காரில் சிகரெட் சாம்பல் கதவுப் பைக்குள் களிமண் மாதிரி இறுகியிருந்தது. விற்கிறவர் கரகரத்த குரலில், "நான் எப்பவாவது ஒண்ணுதாங்க" என்றார். அத்தை சாம்பலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், "அந்த ஒண்ணு எவ்வளவு நீளம்?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். இரண்டாவது காரில் நாய். நாய் அப்போது இல்லை, ஆனால் அதன் முடி, எச்சில், ஒரு பழைய எலும்பு எல்லாம் இருந்தன. ஓனரம்மா நாயின் சுபாவத்தைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். மூன்றாவது காரில் எலுமிச்சை வாசனை கண்ணைக் கரித்தது. அத்தை கிட்டவே போகவில்லை. தூரத்திலிருந்தே, "இவ்வளவு சென்ட் போட்டிருக்கானே, உள்ள எவன் செத்தான்?" என்று என்னிடம் கேட்டாள்.

நான்காவது, சிரிப்புக்காரர் வைத்திருந்த கார். அவர் எதைச் சொன்னாலும் சிரித்துவிட்டுத்தான் சொல்வார். சொல்லி முடித்து இன்னொரு தடவை சிரிப்பார். தெருமட்டத்துக்குக் கீழே இறங்கும் ஒரு கேரேஜில் கார் நின்றது. அதற்குப் பின்னாலேயே அவர் குடியிருந்தார். அடர் சிவப்பு, இரண்டே கதவு, கறுப்புத் துணிக்கூரை. அத்தை தலைமாட்டை மோந்தாள். சீட் பெல்ட்டை இழுத்து அதன் நுனி வரை மோந்தாள். டிக்கியைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். நான் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் ஏறவில்லை. இடது பக்கமும் ஏறவில்லை.

"ஒண்ணுமே இல்லடா" என்றாள், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி மெதுவாக. நானும் மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டுக்குள் நிற்பது போலத்தான் இருந்தது.

கூரை ஒரு முனகலோடு ஏறியது, இறங்கியது. அத்தை துணியைக் கிள்ளிப் பார்த்து, நெசவு கெட்டி என்று தீர்ப்பு சொன்னாள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமே என்று நான் இழுத்தேன். சிரிப்புக்காரர் சிரித்து, காலையில்தான் தம்பி கழுவினேன் என்று சொல்லி, மறுபடி சிரித்தார். அத்தை என் காலை மிதித்தாள். மாமாவிடம் காட்டிவிட்டு வந்து பேசி முடிக்கிறோம் என்று, என் லைசென்ஸின் நகலையும் வேனையும் அவரிடம் விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் அத்தை தலையை வெளியே நீட்டவில்லை. நீட்ட வெளி என்று தனியாக ஒன்று இல்லையே. முடியெல்லாம் கலைந்து வாயில் போனது. அவள் அதைத் துப்பாமல் சிரித்துக்கொண்டிருந்ததை நான் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன்.

கடை வாசலில் நிறுத்தினோம். மாமா வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்து "சரி" என்றார். அந்த நேரம் பார்த்து முட்டைக்காரர் கோட்டோடு வந்தார். டாக்சிக்காரர் அல்லவா, கேட்காமலே கதவைத் திறந்து உட்கார்ந்து, மூச்சை ஒரு தடவை இழுத்து, முகம் மலர்ந்தார்.

"அதுக்குள்ள உங்க காராவே ஆயிருச்சே அக்கா. அப்படியே உங்க கடை வாடை."

அத்தை புரியாமல் பார்த்தாள்.

"எங்க கடைக்கு என்ன வாடை?"

முட்டைக்காரர் மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருவரும் உதவவில்லை. எங்களுக்கும் அது புதுச் செய்திதான்.

"அதான்... ரெண்டு நாள் வாளிலயே மறந்துபோன ஈரத்துணி இருக்குமே. அது."

"இத்தன வருஷமா அடிக்குதா?"

"உள்ள நுழைஞ்சதும் அடிக்கும். அப்புறம் பழகிரும்."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் எங்களுக்குச் சொல்வீங்க" என்றார் பாவம், கையிலிருந்த கோட்டைக் காட்டி.

அத்தை அவரைக் காரிலிருந்து இறங்கச் சொன்னாள். கார் கதவைத் திறந்து மண்டியிட்டு, காலடி விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அது பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே பஞ்சு கருத்துப்போய்த் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அத்தை கையால் அமுக்கியதும் கஷாயம் போல ஒரு தண்ணீர் விரல்களுக்கு இடையில் மேலே வந்தது. சீட்டுக்குப் பின்னால் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். அதில் ஒரு சின்னக் காளான், குடை விரித்துக்கொண்டு. கூரைக் குழியின் மூலையில் இருந்த வடிகால் ஓட்டையிலிருந்து நான் அழுகிய இலையைப் பிடி பிடியாக எடுத்தேன். கடைசிப் பிடியில் ஏதோ உயிரோடு நெளிந்தது. காரின் தரையிலிருந்த துருவை அத்தை விரலால் தட்டினாள். விரல் உள்ளே போய்விட்டது.

வலது பக்கம் ஏறியது. இடது பக்கமும் உடனே ஏறியது. ஆனால் "ச்சை" வரவில்லை. அத்தை அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். மறுபடி மோந்தாள். பூஞ்சணத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் மூக்கு அவளுக்கு எதையும் சொல்லவில்லை. அவள் முகம் போன போக்கை நான் வீட்டில் பலமுறை செய்துகாட்டப் பார்த்திருக்கிறேன். வரவில்லை.

சிரிப்புக்காரரின் கேரேஜுக்குத் திரும்பினோம். வழியில் அத்தை பாடம் பண்ணிக்கொண்டே வந்தாள், அந்த ஆளை என்னவெல்லாம் கேட்கப்போகிறாள் என்று. கேட்டிருந்தால் அவர் ஊரையே விட்டுப் போயிருப்பார். இறங்கியதும் ஊறிய விரிப்பை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மோந்து பாருங்க."

அவர் சிரித்துவிட்டு மோந்தார். சிரிப்பு நின்றது. இன்னொரு தடவை, நிஜமாகவே தேடுகிற மாதிரி மோந்தார்.

"ஒண்ணும் தெரியலையே அக்கா."

அத்தை அவருக்குப் பின்னால் பார்த்தாள். சன்னல் இல்லாத அறை. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு உரிந்து பச்சை பூத்திருந்தது. அதை ஒட்டியே அவர் கட்டில், கட்டில் மேல் மடித்து வைத்த சட்டைகள். விரிப்பைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது. பாடம் பண்ணி வந்ததில் ஒன்றையும் அவள் சொல்லவில்லை. தரை துருப்பிடித்து ஓட்டையாயிருக்கிறது, யாராவது உட்கார்ந்தால் கால் ரோட்டில் போய்விடும், யாருக்கும் விற்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

கொஞ்ச தூரம் போனதும் புடவைத் தலைப்பை என் பக்கம் நீட்டினாள்.

"டேய், எனக்கு அடிக்குதா?"

"தெரியல அத்தை" என்றேன். அதுதான் உண்மை.

"ச்சை" என்றாள் அப்போது. யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பார்க்கப் போகிறோம். முட்டைக்காரர் கூட வருகிறார். கூலி வேண்டாம், கடையில் தன் கோட்டை மட்டும் யாரும் மோக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. போன வாரம் ஒரு நீலக் கார். நான் கூரை மேல் வாளி வாளியாக ஊற்றி முடித்ததும் அவர் விரிப்பைத் தூக்கிவிட்டுத் தலையை உள்ளே விட்டார். அத்தை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். காரைப் பார்க்கவில்லை. அவர் மூக்கின் வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.