டவுன் ஹாலின் முருங்கைக்காய்

சைதாப்பேட்டையின் பழைய டவுன் ஹாலுக்கு வரலாறு எழுதியவன் நான். அதில் ஒரு வரி பொய்.

ஹால் கமிட்டியார் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். மேடைக்கு மேலே சுவரில் ஓடும் சுதைமாலையைச் செய்தது யார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. 'லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட சிற்பிகள்' என்று எழுதிவிட்டேன். வாசிக்கக் கம்பீரமாக இருந்தது. வேறு காரணம் இல்லை. பள்ளியில் நான் நடத்திய பாடம் சரித்திரம்.

மலர் வெளிவந்த வாரமே, ஹாலுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் பாய் வந்து என்னை மேடைக்கு இழுத்துப்போனார். சுதைப்பூக்களுக்கு நடுவே இரண்டு முருங்கைக்காய்கள் தொங்கின.

"இன்னா சார், லண்டன்காரன் முருங்கக்கா கொழம்பு துன்னுட்டா வந்தான்? எங்க பாட்டனாரு வேல சார் இது. குசும்பு புடிச்ச மனுஷன். அவரு பேரப் போடுங்க, போதும்."

அடுத்த மலரில் திருத்துவதாகச் சொன்னேன். திருத்தவில்லை. சரித்திர வாத்தியார் கதை விட்டார் என்று பேட்டையே சிரிக்குமே என்ற பயம்.

போன வருஷம் ஹாலைப் புதுப்பித்தார்கள். என் வரியைக் கிரானைட்டில் வெட்டி வாசலில் பதித்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் கமிட்டிச் செயலாளரிடம் ஓடினேன்.

"லண்டன் பொய்னு சொல்றீங்களே, ஆதாரம் இருக்கா சார்?"

"எழுதினவனே நான்தானய்யா!"

"அதான் சார். நீங்க எழுதினதுதான் எங்களுக்கு ஆதாரம்."

மூன்று முறை போனேன். மூன்று முறையும் காபி கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். நான்காம் முறை, முருங்கைக்காயைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று அவரையும் பாயையும் ஹாலுக்குள் கூட்டிப்போனேன்.

மேலே புதுச் சுண்ணாம்பு பளபளத்தது. முருங்கைக்காய் இருந்த இடத்தில் இரண்டு திராட்சைக் கொத்து.

"லண்டன் வேலைல முருங்கக்கா எப்படி சார் வரும்? எவனோ பின்னாடி ஒட்டியிருக்கான். உங்க கட்டுரையப் படிச்சுட்டுத்தான் செதுக்கி எடுக்கச் சொன்னேன்" என்றார் செயலாளர், பெருமையாக.

பாய் அண்ணாந்தபடியே நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நேரே கடைக்குப் போய்விட்டார். இப்போது என்னைக் கண்டால் மிஷினிலிருந்து தலை நிமிர்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலைப் பார்க்க வருபவர்களை வாசலில் மறித்து, அவருடைய பாட்டனாரின் பெயரைச் சொல்கிறேன். பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, கல்லைப் படிக்கக் குனிகிறார்கள்.