ஒற்றைக் கண் மூடிய சிலை

குமணன்சாவடியில் ஒரு பழைய சாமான் கடையின் பின்கட்டில்தான் அந்தச் சிலையை முதலில் பார்த்தேன். எண்பதுகளின் கடைசி. இடுப்புயர இரும்புப் பெண். யாரோ ஒரு சிற்பி, ஆலையில் கழித்துப் போட்ட உறுப்புகளைப் பற்றவைத்துச் செய்தது. முகத்துக்கு ஏதோ இயந்திரத்தை அமுக்கி ஓட்டுகிற பித்தான் பெட்டி. கண்களாக இரண்டு பித்தான்கள். ஒன்று அமுங்கியே கிடந்ததால் அவள் ஒற்றைக் கண்ணை மூடியிருப்பதுபோல் இருந்தது. அம்பத்தூர் ஆலை முதலாளி ஒருவர் வீட்டுச் சரக்கு என்றார் கடைக்காரர். நசரத்பேட்டையில் புதுவீட்டுக்கு வந்த சமயம். கூடத்தில் நவீன சிற்பம் வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே கிறுக்கு. மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.

மாமனார் அம்பத்தூரில் ஓர் ஆலையில் பிரஸ் மெஷினில் தகடு அடித்தவர். சிலையைச் சுற்றி வந்து, அதன் தலைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். அன்றிலிருந்து கூடத்தில் சாப்பிடுவதில்லை. "இத்த எங்கியாவது தள்ளிடும்மா. ஞாயித்துக்கெழம தம்பி வர்றான்" என்று இரண்டு முறை கேட்டார். இவருக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும் என்கிற திமிர் எனக்கு. காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய தம்பியும் அதே ஆலையில் இருந்தவர்தான். அங்கே வலது கையை இழந்தவர். பொங்கலுக்குப் பொங்கல் தவறாமல் வந்து, இடது கையால் சாப்பிட்டுவிட்டு, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஞாயிறு காலையில்தான் மாமனார் வாயைத் திறந்தார். சிலையின் முகம் அவர் ஓட்டிய பிரஸ் மெஷினின் பெட்டியாம். இரண்டு பித்தான்களையும் இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்குமாம். கை உள்ளே சிக்காமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. வேலை வேகமாக ஓட, ஒரு பித்தானைக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டு மற்றதை மட்டும் தட்டுவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். ஷிஃப்ட் முடிந்தால் அவிழ்த்துவிட வேண்டும். ஒரு நாள் மாமனார் மறந்துபோனார். அடுத்த ஷிஃப்டில், கம்பி இருப்பது தெரியாமல் வந்து நின்றது தம்பி.

"மெஷின் கோளாறுன்னு எயுதிட்டாங்க. நானும் வாய மூடிகினேன்" என்றார். பெட்டியின் பின்புறம் அவர் முறுக்கிய கம்பி துருவேறி அப்படியே இருந்தது. சிலை இருந்த கனத்துக்கு என்னால் நகர்த்தக்கூட முடியவில்லை. போர்வையைப் போட்டு மூடினேன்.

தம்பி செருப்பைக் கழற்றும்போதே, "புது ஊட்ல இன்னாத்த மூடி வெச்சிகீறீங்க?" என்று சிரித்தபடி போர்வையை இழுத்துவிட்டார். சிரிப்பு நின்றது. அவருடைய இடது கை பெட்டியைத் தடவி, பின்னால் போய், கம்பியில் நின்றது. சமையலறை வாசலில் மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனுக்கு அன்னிக்கே தெரியும் அண்ணாத்தே. நீயா சொல்லுவேன்னுதான் இத்தினி வருஷமா வந்துகினு இருந்தேன். நீ துணி போட்டு மூடுற."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அடுத்த பொங்கலுக்கு வரவில்லை. சில வருடம் கழித்து மாமனார் இறந்தபோது ஆள் அனுப்பினோம், அதற்கும் வரவில்லை.

போர்வையைப் போட்டது நான்தான் என்று அந்தத் தம்பியிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.