கறையக்கா கழுவிய பிள்ளை

சலவைக்கூடத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கறையக்கா என்றால்தான் தெரியும். ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகள் பெரிய மெஷின்களில் புரண்டு, உருளைகளுக்கு நடுவே நசுங்கி, கடைசியில் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும். ட்யூப்லைட்டுக்கு நேரே ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடிப்பாள். கடுகளவு கறை இருந்தாலும் சுருட்டி எறிவாள். "இதை எவன் துவைச்சான்? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று ஒரு சத்தம். மேஸ்திரிகூட அந்தச் சத்தத்துக்கு ஒதுங்கித்தான் நிற்பார். இத்தனை வருஷத்தில் அவள் மேசையைத் தாண்டிப் போன உருப்படி எதுவும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். இருந்துவிட்டுப் போகட்டுமே, பாவம், அவளிடம் வேறு என்னதான் இருந்தது?

புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பெற்ற இரண்டும் கல்யாணமாகித் தொலைதூரம் போய்விட்டன. மிச்சம் தம்பி ஒருத்தன். தாய் செத்தபோது தவழ்ந்துகொண்டிருந்தவனை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவள் இவள்தான். லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் அவனுக்குச் சாலையில்தான் படுக்கை. அவன் பெண்டாட்டிக்கு இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் கலைந்துபோனது. மூன்றாவதுதான் தங்கியது. இந்த முறை வண்டியெடுக்கும்போது, "அக்கா, உன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றான்.

"போடா, பெரிய மனுஷா. உனக்கே மூக்கு சிந்தி விட்டவ நான்" என்றாள் இவள்.

தம்பி பெண்டாட்டி வீட்டில் தனியாகக் கிடப்பானேன் என்று, தினமும் காலையில் கையோடு சலவைக்கூடத்துக்கு அழைத்து வந்துவிடுவாள். தன் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, தலையணை உறைகளுக்குப் பட்டன் தைக்க உட்கார்த்திவைப்பாள். கண்ணெதிரே இருந்தால் நல்லதுதானே. டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேலேயே இருந்தது.

அன்றைக்கு வெளியே மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மத்தியானச் சாப்பாடு முடிந்து எழுந்த பெண், மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "அண்ணி, என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். குனிந்து பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் நடந்தது. மேஸ்திரி ஆம்புலன்சுக்கு போன் போட்டார். முன்பக்கத் தெருவில் முழங்கால் அளவு வெள்ளம், சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும் என்றார்கள். வண்டி வரும்வரை காத்திருக்க அந்தப் பிள்ளைக்குப் பொறுமை இல்லை. மடித்த விரிப்புகளுக்கு நடுவே, கறையக்காவின் இரண்டு கைகளுக்குள் வந்து விழுந்தது. பெண் குழந்தை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குப் படுக்கை போதும், அவ்வளவுதான் உருவம்.

அழுதது. சத்தம் சின்னதுதான், ஆனாலும் அழுதது. மெஷின்களை நிறுத்திவிட்டு நின்ற அத்தனை பேருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மேஸ்திரி தூக்கிப் பிடித்திருந்த போனில் ஒரு பெண்குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. "உலர்ந்த துணியால நல்லா துடைங்க. அப்படியே அம்மா நெஞ்சு மேல போட்டு, ரெண்டு பேரையும் சேத்துப் போர்த்துங்க. கொடியை வெட்டாதீங்க. முக்கியமா, குளிப்பாட்டாதீங்க."

கேட்டாள். காது நன்றாகத்தான் கேட்டது. ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது? பிள்ளை உடம்பெல்லாம் இரத்தம். அதற்கு மேலே பிசுபிசுவென்று வெள்ளையாக அப்பிக் கிடந்தது. தன் இரண்டு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியில் துடைத்துச் சுற்றிப் பளிச்சென்று கையில் கொடுத்தார்கள். இந்தக் கோலத்தை அவள் பார்த்ததே இல்லை. தம்பியின் பிள்ளையை இப்படியேவா டாக்டர் கையில் கொடுப்பது? நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

"அக்கா, அந்தம்மா குளிப்பாட்ட வேணாங்குதே" என்றார் மேஸ்திரி.

"அது எங்கயோ உக்காந்துக்கிட்டுப் பேசுது. இங்க அழுக்கோட கெடக்கறது எம் புள்ள. நீங்க போய் வாசல்ல வண்டி வருதான்னு பாருங்க" என்றாள். மேஸ்திரி போய்விட்டார். அவர் என்றைக்கு அவளை எதிர்த்துப் பேசியிருக்கிறார்?

ஒரு பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். தாயின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கழுவினாள். கழுத்து மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், ஒன்று பாக்கி இல்லை. அந்த வெள்ளைப் பிசினை விரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். பழகிய கை, வேலை சுத்தம். தாய்க்காரியோ கண் சொருகிக் கிடந்தாள். இரத்தம் நிற்கவில்லை. "அண்ணி, பாப்பாவ எங்கிட்டக் குடுங்க" என்று ஒருமுறை கேட்டாள். "இரு கண்ணு, சுத்தமாத் தரேன்" என்றாள் இவள்.

போர்த்துவதற்குத் துணி வேண்டும். எட்டும் தூரத்தில், சூடாக உலர்த்திய துண்டுகள் தள்ளுவண்டி நிறையக் கிடந்தன. ஒன்றை உருவினாள், ஓரத்தில் தேநீர்க்கறை. எறிந்தாள். அடுத்ததில் துரு. அதையும் எறிந்தாள். ஈரப் பிள்ளையை மடித்த விரிப்பு ஒன்றின் மேல் கிடத்திவிட்டு, தன் மேசைக்குப் போய், விரிப்புகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பாவி மகள், அந்த நேரத்திலும் பார்த்தாள்! அப்பழுக்கில்லாத ஒன்று கிடைக்கிறவரைக்கும் பார்த்தாள். கூடத்தின் புழுக்கத்தில் அவளுக்கு வேர்த்து வழிந்தது. இந்தச் சூட்டில் பிள்ளைக்குக் குளிரும் என்று யாருக்குத் தோன்றும்?

வண்டி பின்பக்கச் சந்தின் முனைவரைதான் வந்தது. மழையில் நனைந்தபடி ஆம்புலன்ஸ்காரர் உள்ளே ஓடிவந்தார். கொடியில் கிளிப் போட்டு வெட்டினார். சுற்றியிருந்த விரிப்பை விலக்கி, பிள்ளையின் பாதத்தைத் தொட்டார்.

"குளிப்பாட்டினீங்களா?"

"ஆமா தம்பி. ஒரு பொட்டு அழுக்கு இல்ல, பாருங்க" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். அவர் அந்த வெள்ளை விரிப்பைத் தரையில் போட்டுவிட்டு, பிள்ளையைத் தன் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் தாயை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், பிள்ளையை இன்னொரு பக்கம். கறையக்கா நடுவில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்து அவளை உள்ளே அழைத்துப் போனாள். சூடு கொடுக்கும் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பிள்ளைகள்.

"பெட்டி காலியில்லக்கா. அம்மா ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்க. வேற யாராவது நெஞ்சோட நெஞ்சா வச்சுக்கணும். நீங்க வச்சுக்கிறீங்களா?"

ரவிக்கையை அவிழ்த்து உட்கார்ந்தாள். மூக்கில் குழாய் செருகிய பிள்ளையை நர்ஸ் அவள் மார்மேல் கவிழ்த்தி, மேலே கம்பளியை இழுத்து மூடினாள். ஐயோ, அந்தச் சில்லிப்பு! பிழிந்து வைத்த ஈரத்துணி மாதிரி வந்து ஒட்டியது. அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

"ஏம்மா இவ்வளவு சில்லுனு இருக்கு?"

நர்ஸ் சின்னப் பெண். அதட்டத் தெரியாதவள். "மாசம் நிறையாத புள்ள, உடம்புல சூடு தங்காதுக்கா. பொறந்தவுடனே ஈரம் போகத் துடைச்சு அம்மா மேல போட்டிருந்தா பரவால்ல. மேல வெள்ளையா இருந்திருக்குமே, அது அழுக்கில்ல. அதுதான் அதுக்குப் போர்வை. தெரியாம எல்லாரும் பண்றதுதான், விடுங்க" என்றாள்.

தெரியாமலா? சொல்லச் சொல்லக் கேட்காமல் செய்தவள் அல்லவா? நாலு அறை அறைந்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "எனக்கு போன்ல சொன்னாங்கம்மா. வேணாம்னு சொன்னாங்க. நாந்தான் கேக்கல" என்றாள். நர்ஸ் அவள் தோளை ஒருதரம் தொட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள். அங்கே வேறு ஒரு பிள்ளை அழுதது.

போன் அடித்தது, தம்பி. அசையாமல் ஒற்றைக் கையால் எடுத்தாள்.

"அக்கா! மேஸ்திரி சொன்னாரு. பொண்ணாமே! நான் வண்டியத் திருப்பிட்டேன். யாரு மாதிரிக்கா இருக்கா?"

"உன்ன மாதிரிதான்டா."

"எங்க இருக்கா இப்ப?"

"எங்கிட்டதான் இருக்கா."

"அப்ப எனக்கென்ன கவலை!" என்று சிரித்தான். மழை, மெதுவாக ஓட்டு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றாள். கால் மரத்துப்போனது. இருமல் வந்தது, அடக்கிக்கொண்டாள். பிள்ளையின் முதுகு விட்டு விட்டுத்தான் ஏறி இறங்கியது. மூச்சு நின்றதோ என்று தோன்றும்போதெல்லாம் நர்ஸ் வந்து பாதத்தைச் சுண்டிவிட்டாள். மறுபடி ஒரு மூச்சு வந்தது. "அத்தை தப்புப் பண்ணிட்டேன்டி. பெரிய மனசு பண்ணு. எங்கூட எவ்வளவு வேணா சண்டை போடு, ஆனா இருந்து போடு" என்று உச்சந்தலையில் வாயை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விளக்கு போடும் நேரத்தில் அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. நெஞ்சில் அந்தச் சில்லிப்பு இல்லை. கம்பளிக்குள் கையை விட்டு முதுகைத் தடவினாள். சூடு. கதகதவென்று நல்ல சூடு. பாதமும் அப்படியே. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நர்ஸைக் கைதட்டிக் கூப்பிட்டாள். கூடவே டாக்டரும் வந்தார். கம்பளியை விலக்கி, ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். நர்ஸின் முகத்தைப் பார்த்தார். பிறகு மூக்கிலிருந்த குழாயை மெல்ல எடுத்தார்.

"பிள்ளையக் குடுங்கக்கா" என்றாள் நர்ஸ்.

"வேணாம்மா, எடுக்காதீங்க, இப்பத்தான் சூடு ஏறியிருக்கு. தொட்டுத்தான் பாருங்களேன்! எவ்வளவு சூடா இருக்கா பாருங்க!"

நர்ஸ் தொடவில்லை. அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அது உங்க சூடுக்கா."